கம்பனியின் நட்டத்துக்கு நீங்கள் பிணை, எங்களுக்கு யார்? உலக வங்கிக் குழுமத்துக்கு ஒரு திறந்த மடல்

உலக வங்கிக் குழுமத்தின் தலைவர் அஜய் பங்கா அவர்களுக்கும் நிறைவேற்றுப் பணிப்பாளர்களுக்கும்,

முதலீட்டாளர்கள் வறிய நாடுகளில் காசு போடப் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தைப் போக்குவதுதான் இனி அபிவிருத்தி வங்கியின் வேலை என்ற முடிவுக்கு நீங்கள் வந்து சில வருடங்களாகின்றன. 2023இல் பெரிய நிறுவனங்களின் தலைவர்களைக் கூட்டி, தனியார் முதலீட்டை எப்படி வரவழைக்கலாம் என்று அவர்களிடமே கேட்டீர்கள். 2024 ஜூலையில் உங்கள் குழுமத்தின் உத்தரவாதங்களையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, 2030ஆம் ஆண்டளவில் வருடத்துக்கு 20 பில்லியன் டொலர் வரை உத்தரவாதம் வழங்கப்போவதாக அறிவித்தீர்கள். போட்ட காசு திரும்பி வராவிட்டால் ஒரு பங்கை நீங்கள் ஈடுசெய்வீர்கள். அதாவது முதலீட்டாளருக்குப் பிணை நிற்கிறீர்கள்.

நான் இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமொன்றில் நெடுநாள் பொருளாளராக இருந்தவள். பிணை நிற்பது என்றால் என்னவென்று எங்கள் ஊர்ப் பெண்களுக்கும் நன்றாகத் தெரியும். உங்கள் பிணைக்கும் எங்கள் பிணைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2009இல் போர் முடிந்தது. இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து சனம் ஊருக்குத் திரும்பியபோது கூரை இல்லை, மாடு இல்லை, பல வீடுகளில் ஆம்பிளை இல்லை. ஏ9 வீதி திறந்ததும் எங்கள் மீன்பிடிக்கும் நெல்லுக்கும் சந்தை வருமுன்னரே லீசிங் கம்பனிகளும் பைனான்ஸ் கம்பனிகளும் கிளிநொச்சி நகரத்தில் பலகை தொங்கவிட்டுவிட்டன. பிறகு வீட்டுத்திட்டங்கள் வந்தன. இந்திய அரசின் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கொடுத்தார்கள். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் சீமெந்தும் மணலும் மேசன் கூலியும் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் அந்தக் காசு பல வீடுகளில் சுவர் மட்டத்தோடு நின்றுபோனது. மிச்சத்துக்கு எங்கே போவது? பாங்க் காணி உறுதி கேட்டது, சம்பளப் பற்றுச்சீட்டு கேட்டது. நுண்கடன் கொடுக்கும் கிழமைக் கடன்காரர் ஒன்றும் கேட்கவில்லை. "உங்கட பக்கத்து வீட்டு அக்காமார் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, அது காணும்" என்றார்கள்.

அதுதான் பிணை. ஐந்து பெண்கள் சேர்ந்தால் ஒரு குழு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும். சில குழுக்கள் சேர்ந்தால் ஒரு சென்ரர். கிழமைக்கு ஒரு நாள் யாராவது ஒருத்தி வீட்டு முற்றத்தில் சென்ரர் மீற்றிங்.

அப்படி ஒரு மீற்றிங் எங்கள் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் வீட்டில் நடந்தது. அன்றைக்கு ஒருத்தி வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலென்று ஆஸ்பத்திரியில் நின்றா. அறவிட வந்த பொடியன் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி தவணை பதியும் அட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு சொன்னான்: "அக்கா, காசில்லாமப் போனா என்ர சம்பளத்தில வெட்டுவினம். நீங்கள் எல்லாரும் சேர்ந்து போடுங்கோ, பிறகு அவவிட்ட வாங்குங்கோ. அதுவரைக்கும் நான் எழும்ப மாட்டன்." மத்தியானம் போய்ப் பின்னேரமாயிற்று. பெண்களும் எழும்ப முடியவில்லை, அவர்களின் அட்டைகளும் அவன் மடியில்தான் இருந்தன. கடைசியில் ஒருத்தி உள்ளே போய்த் தன் மகளின் தோட்டைக் கழற்றிக்கொண்டு வந்தா. இன்னொருத்தி அதைச் சைக்கிளில் கொண்டுபோய் அடகு வைத்தா. விளக்கு வைக்கிற நேரம் காசு வந்தது. அவன் எண்ணி, றப்பர்பாண்ட் போட்டுச் சுற்றி, எல்லா அட்டையிலும் கையெழுத்து வைத்துவிட்டுப் போனான்.

அந்தப் பொடியனில் எனக்குக் கோபமில்லை. பக்கத்து ஊர்ப்பிள்ளை. அவன் ஓடி வந்த மோட்டார் சைக்கிளும் லீசிங்கில் எடுத்ததுதான். ஆனால் மகளின் தோட்டைக் கழற்றிய தாயும் ஆஸ்பத்திரியில் நின்ற தாயும் அதற்குப் பிறகு கதைக்கவில்லை. ஒரே கிணற்றில் தண்ணி அள்ளியவர்கள். எங்கள் சங்கக் கூட்டத்துக்கு ஒருத்தி வந்தால் மற்றவ வரமாட்டா. ஷெல்லடிக்குள் ஒரே பங்கருக்குள் இருந்த சனத்தை, கிழமைக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபா பிரித்துவிட்டது. இந்த நட்டம் எந்தக் கம்பனியின் ஐந்தொகையிலும் வராது.

கணக்கையும் சொல்கிறேன், பொருளாளராக இருந்தவள் கணக்கில்லாமல் பேசக்கூடாது. நான் பார்த்த ஒரு அட்டையில் கடன் 50,000 ரூபா, வட்டி வருடத்துக்கு 28 வீதம், 52 கிழமை. அதைக் கிழமைக்கு 1,230 ரூபாவாக ஏறக்குறைய 64,000 கட்ட வேண்டும். பத்திரச் செலவென்றும் காப்புறுதியென்றும் 2,000 ரூபாவை முதலிலேயே கழித்துக்கொண்டுதான் கையில் கொடுத்தார்கள். முதல் கிழமையே முதலையும் சேர்த்துக் கட்டத் தொடங்கிவிடுகிறோம். ஆனால் வட்டி மட்டும் கடைசிக் கிழமைவரை முழுத்தொகைக்கே போடப்படுகிறது. முதலிலேயே கழித்ததையும் சேர்த்து, குறைந்து வரும் நிலுவைக்குக் கணக்குப் பார்த்தால் அது 28 வீதமில்லை, வருடத்துக்குக் கிட்டத்தட்ட 60 வீதம். அந்த எண் அட்டையில் எங்குமில்லை.

வட்டியை விட மோசமானது கிழமைக் கணக்கு. இரணைமடுக்குளத்தை நம்பி வாழ்கிற சனம் நாங்கள். காலபோகம் வெட்டினால் காசு, தண்ணி கிடைத்துச் சிறுபோகம் செய்தால் இன்னொருமுறை காசு. நெல்லுக்குக் கிழமைச் சம்பளம் கிடையாது. ஆகவே முதல் கடனைக் கட்ட இரண்டாவது கம்பனி, இரண்டாவதைக் கட்ட மூன்றாவது. 2016, 2017இல் மழை பொய்த்தது. 2018 டிசெம்பரில் வெள்ளம் வந்து வயலையும் வீட்டையும் அடித்துக்கொண்டு போனது. வரட்சிக்கும் வெள்ளத்துக்கும் கிழமை மட்டும் தவறாமல் வந்தது.

இது ஒரு கிராமத்துப் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டுக் கடனும் மனித உரிமைகளும் பற்றிய ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்து, நுண்கடன் அறவிடுவோரின் துன்புறுத்தலையும் பெண்களிடம் பாலியல் ரீதியான சலுகை கேட்கப்பட்டதையும் பகிரங்கமாகச் சொல்லிவிட்டுப் போனார். அதே ஆண்டில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட, மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையிலிருந்த பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்தார். சுமார் 45,000 பெண்கள் அதனால் கடனிலிருந்து விடுபட்டார்கள். ஒரு அரசாங்கம் திறைசேரிக் காசைப் போட்டுத் தனியார் கடனிலிருந்து பெண்களை மீட்க வேண்டி வந்தது என்றால் அந்த வியாபாரம் எப்படிப்பட்டது என்று நீங்களே யோசியுங்கள். பிறகு மத்திய வங்கி 35 வீத வட்டி உச்சவரம்பும் கொண்டுவந்தது. அதுவும் தன் அனுமதிப்பத்திரம் பெற்ற கம்பனிகளுக்குத்தான். 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டமோ வைப்புப் பணம் வாங்காமல் கடன் மட்டும் கொடுக்கிறவரைத் தொடவேயில்லை. பலகையை மாற்றிக்கொண்டு வந்தால் போதுமாக இருந்தது.

2021 மார்ச் 8, பெண்கள் தினத்தன்று பொலன்னறுவை மாவட்டத்தில் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தார்கள். ஐம்பது நாளுக்கு மேல் இருந்தார்கள். பெரும்பாலும் சிங்களப் பெண்கள். அவர்கள் சொன்ன கதைக்கும் எங்கள் கதைக்கும் மொழிதான் வேறு.

"இதெல்லாம் உள்ளூர்க் கம்பனிகளின் வேலை, எங்களுக்கென்ன தொடர்பு?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. ஆனால் உங்கள் குழுமத்தின் சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனமான ஐ.எப்.சி. தன் பணத்தின் பெரும்பங்கை நேரே தொழிலுக்குக் கொடுப்பதில்லை, வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் முதலீட்டு நிதியங்களுக்கும் கொடுக்கிறது. அவை இன்னொருவருக்குக் கொடுக்கின்றன. உங்கள் இணையத்தளத்தில் முதலாவது வங்கியின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே எந்தக் கம்பனி, எந்த மாவட்டம், எந்த முற்றம் என்பது பெரும்பாலும் இராது. எங்கள் ஊருக்கு வந்த கம்பனிகளின் மேல் நான் உங்கள் பெயரை எழுதவில்லை. யாருடைய காசு என்று அறியும் வழியை நீங்கள் வைக்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

உங்கள் காசு இந்த வியாபாரத்தில் இருந்ததற்கு வேறிடங்களில் அத்தாட்சி உண்டு. மெக்சிகோவின் கொம்பார்தாமோஸ் ஒரு தொண்டு நிறுவனமாகத் தொடங்கி, மானியத்திலும் அபிவிருத்திப் பணத்திலும் வளர்ந்து, வங்கியாகியது. 2007 ஏப்ரலில் அதன் பங்குதாரர்கள் 30 வீதப் பங்குகளை 45 கோடி டொலருக்கும் அதிகமாக விற்றார்கள். ஐ.எப்.சி.யும் அப்போது அதில் பங்குதாரர். அந்த இலாபத்துக்கு அடியில் கிடந்தது ஏழைப் பெண்கள் கட்டிய வட்டி, அது வருடத்துக்கு 85 வீதமளவில் இருந்தது. இதை எழுதியது யாரோ எதிரியில்லை, ஏழைகளுக்கான நிதிச்சேவையை ஆராயும், உங்கள் கூரையின் கீழிருக்கும் சிஜிஏபி அமைப்பேதான். கம்போடியாவில் குடும்பங்கள் காணி உறுதியை ஈடுவைத்து நுண்கடன் எடுத்து, கட்ட முடியாமல் காணியை விற்கிற நிலை வந்தபோது, லிக்காடோ என்ற மனித உரிமை அமைப்பும் இன்னொரு அமைப்பும் 2022இல் உங்கள் குறைகேள் அலுவலகமான சி.ஏ.ஓ.விடம் முறையிட்டன. ஐ.எப்.சி. பணம் பெற்ற கடன் நிறுவனங்கள் பற்றிய முறைப்பாடு அது. அடுத்த ஆண்டே அதை முறையாக விசாரிக்க வேண்டுமென்று சி.ஏ.ஓ. முடிவெடுத்தது.

இவ்வளவுக்குப் பிறகும் நுண்கடன் வறுமையைத் தீர்த்ததா? பொஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மொங்கோலியா, மொரோக்கோ ஆகிய ஆறு நாடுகளில் செய்த ஆய்வுகளைச் சேர்த்து 2015இல் அபிஜித் பானர்ஜி உள்ளிட்ட பொருளியலாளர்கள் சொன்ன முடிவு, சிலருக்குச் சிறு நன்மை, வாழ்க்கையைப் புரட்டிப்போடும் மாற்றம் எதுவுமில்லை என்பதே. ஆனால் ஆண்டறிக்கைகளில் "இத்தனை இலட்சம் பெண்களைச் சென்றடைந்தோம்" என்ற வரி குறைவதில்லை. எங்கள் ஊரில் நாலு கம்பனியிடம் கடன் எடுத்தவ நாலு அறிக்கையிலும் ஒவ்வொரு பெண்ணாக எண்ணப்படுவா. கழுத்துவரைக் கடனில் நிற்பவள்தான் உங்கள் கணக்கில் அதிகம் வளர்ச்சியடைந்தவள்.

2015இல் நீங்களும் மற்ற அபிவிருத்தி வங்கிகளும் சேர்ந்து, பில்லியன் கணக்கில் பொதுப்பணம் போட்டால் ட்ரில்லியன் கணக்கில் தனியார் பணம் வரும் என்றீர்கள். வந்ததா? உங்கள் தலைமைப் பொருளியலாளர் இந்தர்மித் கில் 2024 டிசெம்பரில் உங்கள் கடன் அறிக்கையின் முன்னுரையிலேயே எழுதினார்: 2022 தொடக்கம் வெளிநாட்டுத் தனியார் கடன்காரர்கள் வளர்முக நாடுகளின் அரசுகளுக்குப் புதிதாகக் கொடுத்ததை விடக் கிட்டத்தட்ட 141 பில்லியன் டொலர் அதிகமாக வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்கள் நாட்டுக்கு அதுவும் புதிதில்லை. சர்வதேச முறிகள் என்ற கடன் பத்திரங்களை விற்றுக் கடன் வாங்கிக் குவித்து, 2022 ஏப்ரலில் கட்ட முடியாதென்று கைவிரித்து, தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியிலும் கைவைத்து, 2024 டிசெம்பரில்தான் அந்த முறிக்காரரோடு கணக்கைத் தீர்த்தோம். முதலீட்டாளர் ஆபத்துக்கு விலையாகக் கூடிய வட்டி வாங்கியவர்கள். ஆபத்து வந்த நாளில் அதைச் சுமந்தது மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற சனம்.

உங்கள் பக்க நியாயமும் எனக்குப் புரியாமலில்லை. அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் மூடப்பட்டது. பிரித்தானியா தன் உதவியை 2027இல் தேசிய வருமானத்தின் 0.3 வீதமாகக் குறைக்கப்போகிறது. 2025இல் ஸ்பெயினின் செவிலில் நடந்த ஐ.நா. அபிவிருத்தி நிதி மாநாட்டில், அபிவிருத்திக்கு வருடத்துக்கு 4 ட்ரில்லியன் டொலர் பற்றாக்குறை என்று கணக்குச் சொன்னார்கள். மானியம் வற்றினால் வேறெங்காவது பார்க்கத்தான் வேண்டும். நாங்களும் கடனே வேண்டாம் என்பவர்களில்லை. எங்கள் சங்கத்தில் ஒரு சுழல்நிதி இருந்தது. மாதம் நூற்றுக்கு ஒரு ரூபா வட்டி. போகம் வெட்டிய பிறகு கட்டலாம். பிள்ளைக்கு வருத்தமென்றால் கூட்டத்தில் சொல்லித் தவணை கேட்கலாம், கூட்டக் குறிப்பில் அதை எழுதுவோம். வாங்கியவர்கள் பெரும்பாலும் கட்டினார்கள். வந்த வட்டி நிதியிலேயே சேர்ந்தது, கொழும்புக்கும் போகவில்லை, லண்டனுக்கும் போகவில்லை. அந்த நிதி சின்னது, பத்துப் பேர் கேட்டால் இரண்டு பேருக்குத்தான் கொடுக்கலாம். பெரிதாக்குங்கள் என்று கேட்டு எழுதிய கடிதங்களுக்கு வந்த பதில்களெல்லாம் "நிதி ஒதுக்கீடு இல்லை" என்பதுதான். அதே ஊரில் கிழமைக் கடன் கம்பனிகளுக்கு மட்டும் காசு தட்டுப்பட்டதேயில்லை.

ஆகவே கேட்கிறேன்.

உங்கள் குழுமத்தின் பணமோ உத்தரவாதமோ எத்தனை கை மாறி வந்தாலும், கடைசியாகக் கடன் கொடுக்கும் நிறுவனத்தின் பெயரையும் அது கொடுக்கும் மாவட்டங்களையும் வெளியிடுங்கள், தமிழிலும் சிங்களத்திலும். கடன் அட்டையிலேயே அச்சிடச் செய்யுங்கள்: இது யாருடைய காசு, எல்லாக் கழிவும் சேர்த்து உண்மையான வருட வட்டி எவ்வளவு, அநியாயம் நடந்தால் சி.ஏ.ஓ.வுக்கு எங்கே எழுதுவது. எந்த மொழியிலும் முறையிடலாம் என்று சி.ஏ.ஓ. சொல்கிறது. எங்கள் ஊரில் அப்படியொன்று இருப்பதே ஒருவருக்கும் தெரியாது.

குழுப்பிணையில் கடன் கொடுக்கும் எந்த நிறுவனத்துக்கும் இனி உங்கள் பணம் போகக்கூடாது. காணி உறுதியையோ வீட்டுத்திட்ட வீட்டையோ ஈடாக வாங்கும் நிறுவனத்துக்கும் போகக்கூடாது. விவசாயக் குடும்பத்துக்குத் தவணை போகத்தோடு ஒத்து வரவேண்டும். வீட்டு முற்றத்தில் குந்தியிருந்து அறவிடுவதை ஒப்பந்தத்திலேயே தடுங்கள், மீறினால் பணத்தைத் திரும்ப எடுங்கள்.

மிக முக்கியமானது இது. கடன் திரும்பவில்லை என்று ஒரு நிறுவனத்துக்கோ அதில் காசு போட்டவருக்கோ உங்கள் உத்தரவாதத்திலிருந்து ஈடு கொடுத்தால், அதே அளவுக்குக் கடன்பட்டவரின் நிலுவையும் அன்றைக்கே அழிய வேண்டும். கடன் தகவல் பணியகமான கிரிப்பில் அவர்களின் பெயருக்கு எதிராக விழுந்த பதிவும் நீங்க வேண்டும். ஒரே கடனைப் பொதுப்பணத்திலிருந்து ஒருமுறையும் அந்தப் பெண்ணிடமிருந்து இன்னொருமுறையும் அறவிட எவருக்கும் உரிமையில்லை.

அறிக்கையில் கடன்களை எண்ணிப் பெண்கள் என்று எழுதுவதை நிறுத்துங்கள். ஆளை எண்ணுங்கள். ஒவ்வொருத்திக்கும் எத்தனை கடன், வருமானத்தில் எவ்வளவு தவணைக்குப் போகிறது, எத்தனை பேர் நகை, மாடு, காணி விற்றுக் கட்டினார்கள் என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள்.

பிணை நிற்பதற்கு இவ்வளவு காசு வைத்திருக்கும் நீங்கள் அதில் ஒரு பங்கை எங்களுக்கும் பிணையாக வையுங்கள். சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மாதர் சங்கச் சுழல்நிதிகளுக்கும் நீண்டகால, குறைந்த வட்டி நிதி கிடைக்கட்டும். கணக்காய்வு எங்களுக்குப் பயமில்லை, அரசாங்கத் திணைக்களங்களின் ஆட்கள் வந்து புத்தகம் பார்க்கிற சங்கங்கள்தான் இவை.

இலங்கையின் நிதித் துறைக்கான அடுத்த கடனோ உத்தரவாதமோ உங்கள் சபைக்கு வருமுன், கிளிநொச்சியிலும் பொலன்னறுவையிலும் ஒவ்வொரு பொது விசாரணை வையுங்கள். ஹோட்டலில் வேண்டாம், பொதுநோக்கு மண்டபத்தில், காலபோகம் வெட்டி முடிந்த ஒரு நாளில், தமிழிலும் சிங்களத்திலும். வாக்களிக்கும் பணிப்பாளர் ஒருவராவது நேரில் வரவேண்டும், ஆலோசகரை அனுப்பிவிட்டு அறிக்கை படிப்பது போதாது. நாள் குறித்து அறிவித்தால் அட்டைகளோடு பெண்களைக் கூட்டிவருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமொன்றின் முன்னாள் பொருளாளர்,
கிளிநொச்சி மாவட்டம்.